காஞ்சியும் ஆற்றங்கரை நகரம்தான்



புடாபெஸ்ட்டில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவன் ஒருவன் டான்யூப் ஆற்றங்கரைப் படங்களைப் போட்டு, "சார், நம்ம பக்கம் இப்படி ஒரு ஊர் உண்டா?" என்று கேட்டிருக்கிறான். உண்டு தம்பி. சுங்குவார்சத்திரத்தில் பஸ் ஏறினால் காஞ்சிபுரம்.

கோயில் நகரம் என்போம், பட்டு நகரம் என்போம். ஆற்று நகரம் என்று யாரும் சொல்வதில்லை. தெற்கே பாலாறு, ஊரை ஒட்டியே வேகவதி. பிரம்மாவின் யாகத்தை அழிக்க வேகவதியாகப் பெருகிவந்த சரஸ்வதியைத் தடுக்க, பெருமாளே குறுக்கே அணையாகப் படுத்தார் என்பது திருவெஃகா தலபுராணம். வெள்ளம் பார்த்த ஊர்தான் இப்படி ஒரு கதை சொல்லும்!

புடா, ஓபுடா, பெஸ்ட் மூன்றும் 1873இல் சேர்ந்ததுதான் உன் ஊர். நமக்கும் பெரிய காஞ்சி, சின்ன காஞ்சி. உன் ஊருக்கு வடக்கே, டான்யூப் கரையில் சாம்சங் குழுமத்தின் பேட்டரி ஆலை. இங்கே நம் ஊரில் அதே குழுமத்தின் பிரிட்ஜ், வாஷிங் மெஷின் ஆலை. தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இன்று கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். நான் குறை சொல்லமாட்டேன். பட்டு கர்நாடகத்திலிருந்து, ஜரிகை சூரத்திலிருந்து; நெய்கிற கைக்குக் கிடைப்பது கொஞ்சம்தானே.

வேகவதியும் செய்யாறும் பாலாற்றில் கலக்கும் இடம் திருமுக்கூடல். அங்கே பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் 15 படுக்கையோடு ஆதுலர் சாலை நடந்ததை அது சொல்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், அவரவருக்கு எவ்வளவு நெல், என்னென்ன மருந்து இருப்பு, எல்லாம் கணக்கு. பக்கத்திலேயே மாணவர்களுக்குப் பாடமும் சோறும். வாத்தியார் என்பதால் எனக்கு அந்த வரிகள்மேல் தனிப் பிரியம்.

டான்யூப் கரையை 1987இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நம் வேகவதியிலோ சாக்கடை ஓடுகிறது. கரையில் குடிசை போட்டவர்களைத்தான் எல்லோரும் திட்டுகிறோம். மாடிவீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்பதில்லை. கோபுரத்துக்கு விளக்கு போடுவதற்குமுன் இந்த ஆற்றைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. பாதாளச் சாக்கடை எல்லா வீட்டுக்கும் வரட்டும். கரையிலிருந்து கிளப்பப்படும் குடும்பங்களுக்கு வேலைக்குப் போய்வரும் தூரத்தில் வீடு கிடைக்கட்டும்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் வாலாஜாபாத் வழியாகத் திருமுக்கூடல் போய்வாருங்கள். மழை நன்றாகப் பெய்த வருஷமென்றால் ஆற்றில் தண்ணீரும் இருக்கும்.