பாட்டு வேண்டாம், பேச்சு போதும்!

வீட்டு அலமாரியில் பழைய வீடியோ கேசட் வைத்திருக்கும் சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். கம்ப்யூட்டர் கோர்ஸ் எதற்கும் போனதில்லை.

என் அப்பா மஸ்கட்டில் வேலை பார்த்தார். 1998ல் லீவுக்கு வந்தபோது ஒரு வீடியோ கேமரா வாங்கி வந்தார். ஹாய்-8 கேசட் போடுகிற மாடல். அப்போது எனக்கு ஏழு வயசு. தம்பியின் காதுகுத்து, கோவில் பொங்கல், தாத்தா மாட்டுக்குக் கழனித் தண்ணீர் வைப்பது எல்லாம் அதில் இருக்கிறது. கேமராவைப் பிடித்தது அப்பா என்பதால் ஒரு கேசட்டிலும் அவர் முகம் கிடையாது. குரல் மட்டும் தான். "ஏ புள்ள, இங்க பாரு... அம்மாவைக் கூப்பிடு" என்று பின்னாலிருந்து கேட்டுக் கொண்டே இருக்கும். 2011ல் அப்பா தவறி விட்டார்.

"அதையெல்லாம் ஒரு தடவை டி.வி.யில் பார்க்கணும்டி" என்று அம்மா ஆசைப்பட்டதால் காதுகுத்துக் கேசட்டை ஒரு கடையில் கொடுத்தோம். 800 ரூபாய் வாங்கிக் கொண்டு பென்டிரைவில் போட்டுத் தந்தார்கள். எல்லோரும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தால்... ஆரம்பத்திலிருந்து கடைசி வரை சினிமாப் பாட்டு! பேச்சு சத்தத்தை மொத்தமாக எடுத்து விட்டார்கள். 90 நிமிஷக் கேசட் 35 நிமிஷமாகச் சுருங்கி விட்டது. அந்தக் காலத்துப் படம் சதுரமாகத் தானே இருக்கும், அதை இப்போதைய டி.வி.க்காக இழுத்து விட்டதில் ஒல்லியான எங்கள் பாட்டி கூட குண்டாகி விட்டார். போய்க் கேட்டால், "பழைய சவுண்டு ஒரே இரைச்சல் மேடம், அதான் நீட்டா பண்ணிட்டோம்" என்கிறார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தார்.

நல்ல வேளை, கேசட்டைத் திருப்பி வாங்கியிருந்தேன். கேமராவும் இன்னும் ஓடுகிறது. அதன் பிறகு தான் நாமே செய்தால் என்ன என்று தோன்றியது.

கேமராவிலிருந்து வரும் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களை ஒரு சின்னக் கருவியில் மாட்டி, அதை லேப்டாப்பில் சொருகினால் பதிவாகிறது. 90 நிமிஷக் கேசட்டுக்கு 90 நிமிஷம் ஆகும். ஓட விட்டு விட்டு நான் சாம்பார், பொரியல் முடித்து விட்டேன்.

வெட்டி ஒட்டும் சாஃப்ட்வேர் எது என்பதில் தான் தலைவலி. பக்கத்து வீட்டுத் தம்பி, "டாவின்சி ரிசால்வ் போடுங்கக்கா, சினிமாக்காரங்களே அதைத் தான் யூஸ் பண்றாங்க, இலவசம்" என்றான். உண்மை தான். ஆனால் 4 ஜி.பி. ராம் உள்ள எங்கள் லேப்டாப் அதைத் திறந்ததும் மூச்சு முட்டி நின்று விட்டது. இரண்டு பேருக்கு ரசம் வைக்க கல்யாண அண்டா எதற்கு? அடுத்து இன்னொன்று. ஒரு நாள் பூரா வேலை செய்து சேமித்தால், படத்தின் குறுக்கே கம்பெனி பெயர் வந்து உட்கார்ந்து கொண்டது! பணம் கட்டினால் தான் எடுப்பார்களாம். என் கணவருக்கு மூவி மேக்கர் ஞாபகம் தான். அதை மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியிலேயே நிறுத்தி விட்டது. அந்தப் பெயரில் இப்போது கண்ட இடத்தில் கிடைப்பதை நம்பி இறக்காதீர்கள். திருட்டு காப்பி போட்டுத் தருகிறேன் என்றார் ஒருவர், வேண்டாம் என்று விட்டேன்.

கடைசியில் ஷாட்கட் என்ற இலவச சாஃப்ட்வேர் எங்களுக்குச் சரியாக அமைந்தது. குறுக்கே பெயர் எழுதுவதில்லை. பழைய கேசட் படங்களுக்கு 4 ஜி.பி. போதும். வெட்ட வேண்டிய இடத்தில் எஸ் எழுத்தைத் தட்டினால் துண்டாகிறது. நம் ஊர் கேசட் நொடிக்கு 25 படம் என்ற கணக்கில் ஓடுவது. சேமிக்கும் போதும் அதையே வைத்துக் கொண்டேன். சதுரத்தையும் இழுக்கவில்லை. ஓரத்தில் கறுப்பாக இருந்தால் இருந்து விட்டுப் போகட்டுமே!

ஒரு முட்டாள்தனமும் செய்தேன். அது சேமித்த சின்ன ஃபைலையே முழுப் படம் என்று நினைத்து, இடம் அடைக்கிறதே என்று மூலப் பதிவை அழித்து விட்டேன். அந்தச் சின்ன ஃபைலில் எங்கே வெட்ட வேண்டும் என்ற குறிப்பு மட்டும் தான் இருக்குமாம். மறுபடியும் 90 நிமிஷம் ஓட்டினேன்.

"ஒன்றரை மணி நேரம் யார் பார்ப்பார்கள், பத்து நிமிஷமாக்கு" என்கிறார் என் கணவர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப 12 நிமிஷத்துக்கு ஒன்று தனியாகச் செய்தேன். ஆனால் முழுசும் வெட்டாமல் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். காரணம் இது தான். காதுகுத்து முடிந்ததும் அப்பா கேமராவை நிறுத்த மறந்து கையில் தொங்க விட்டிருக்கிறார். இரண்டு நிமிஷம் வெறும் மண்ணும் செருப்புக் கால்களும் தான் தெரியும். கடைக்காரர் முதலில் வெட்டியது அதைத் தான். யாராக இருந்தாலும் வெட்டத் தான் செய்வார்கள். ஆனால் அந்த இரண்டு நிமிஷமும் அப்பா ஐஸ்காரரிடம் பேரம் பேசுகிறார். "எல்லா புள்ளைகளுக்கும் கொடுப்பா, காசு நான் தர்றேன்" என்று சிரிக்கிறார். எந்தக் கேசட்டிலும் அவர் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. அது யார் குரல் என்று கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?

கேசட் வைத்திருப்பவர்கள் தள்ளிப் போடாதீர்கள். வி.சி.ஆர். தயாரித்து வந்த கடைசிக் கம்பெனியான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்தி விட்டது. இருக்கிற பெட்டி ரிப்பேரானால் ஸ்பேர் கிடைப்பது கஷ்டம்.

எங்களிடம் இன்னும் மூன்று கேசட் பாக்கி. மதியம் சமையல் முடிந்ததும் ஓட விடுகிறேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடி கேட்டுக் கொண்டிருக்கிறார்.

- ஒரு வாசகி, புதுக்கோட்டை.