சலாம் போடுற சாலை!

ஹாஸ்டல் பார்க்கிங்ல நிக்கிற உங்க வண்டியைக் கொஞ்ச நேரம் மறந்துடுங்க. இந்த வாரம் நாம ரவுண்டு அடிக்கப்போறது அமெரிக்காவோட தென்மேற்கு மூலையில. அரிசோனா, நியூ மெக்ஸிகோ, நெவாடா, யூட்டா... கண்ணுக்கு எட்டுற வரைக்கும் பாலைவனம், நடுவுல கோடு போட்ட மாதிரி ஒரு ரோடு. நான் போனதில்லை. பாஸ்போர்ட்டே இன்னும் அப்ளை பண்ணலை. ஆனா, மூணாவது வருஷம் மெக்கானிக்கல் படிக்கிற ஒருத்தன் பைக் பத்திப் படிக்காம தெர்மோடைனமிக்ஸா படிப்பான்? (இந்த வாரம் அதுவும் கொஞ்சம் வரும். அரியர் வெச்சவங்க கோவிச்சுக்காதீங்க!)

அந்த ரோட்டுல ரெண்டு பைக் எதிரெதிரே வந்தா ஒரு விஷயம் நடக்கும். ஓட்டுறவர் இடது கையை ஹேண்டில்பார்ல இருந்து எடுத்து, முழங்காலுக்குப் பக்கத்துல தாழ்த்தி, ரெண்டு விரலை ரோட்டைப் பார்த்து நீட்டுவார். எதிர்ல வர்றவரும் அதேதான். ரெண்டு பேருக்கும் முன்னே பின்னே பழக்கம் இல்லை. ரெண்டு செகண்ட், அவ்வளவுதான். அப்புறம் அவங்க வாழ்க்கையில பார்த்துக்கப் போறதும் இல்லை.

ஏன் இடது கை? அங்கே வண்டி ரோட்டோட வலது பக்கம் ஓடுது. எதிர்ல வர்றவர் நமக்கு இடது பக்கம் கடந்து போவார். ஆக்ஸிலரேட்டர் வலது கையில. இடது கை கிளட்ச் கை, டாப் கியர்ல போறப்ப அதுக்கு வேலையே இல்லை. சும்மா இருக்கிற கை சலாம் போடுது. நம்ம ஊர்ல இதை ட்ரை பண்ணுங்க பாப்போம்... எதிர்ல வர்றவர் நமக்கு வலது பக்கம். ஆக்ஸிலரேட்டரை விட்டாத்தான் கை காட்ட முடியும்! நம்ம ஆளுங்க தலையை மட்டும் ஆட்டிட்டுப் போறது கஞ்சத்தனம் இல்லை பாஸ், ஜியாமெட்ரி.

சரி, இதெல்லாம் ஸ்டைலுக்குத்தானேன்னு கேக்கலாம். மத்த ஊர்ல ஸ்டைலா இருக்கலாம். பாலைவனத்துல அதுக்கு வேற அர்த்தம் வந்துடுது.

2023-ல அரிசோனாவோட தலைநகர் ஃபீனிக்ஸ்ல தொடர்ந்து 31 நாள் வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டுச்சு, இல்லைன்னா தாண்டுச்சு. அதாவது 43 டிகிரி செல்சியஸுக்கும் மேல, ஒரு மாசம், ஒருநாள் விடாம. ஃபீனிக்ஸ் இருக்கிற மாரிகோபா மாவட்டத்துல மட்டும் அந்த வருஷம் வெயிலால செத்தவங்க 645 பேர். தார் ரோட்டு மேல சூடு 70 டிகிரியைத் தொடும். சைடு ஸ்டாண்டு தார்ல அப்படியே புதைஞ்சு, வண்டி மெதுவா சாஞ்சு படுத்துக்கும். அதனால ஸ்டாண்டுக்கு அடியில வைக்கிறதுக்குன்னே ஒரு சின்ன வட்டத் தகடு பாக்கெட்ல வெச்சிருப்பாங்க. அது இல்லாதவங்களுக்கு இருக்கவே இருக்கு, மிதிச்சு நசுக்கின கூல்டிரிங்க்ஸ் டின்.

இங்கேதான் தெர்மோ வருது. நம்ம தோலோட சூடு சுமார் 34, 35 டிகிரி. காத்து அதைவிடக் குளிரா இருந்தா, வேகமாப் போகப்போக ஜில்லுனு இருக்கும். காத்தே 43 டிகிரின்னா? வேகமாப் போறது விசிறி இல்லை, ஹேர் டிரையர்! அப்ப நம்மைக் காப்பாத்துறது வேர்வை மட்டும்தான். ஒரு மணி நேரத்துல ஒரு லிட்டர் வேர்வை ஆவியானா, சுமார் 670 வாட் சூட்டை உடம்புல இருந்து எடுத்துட்டுப் போகும். சூப்பர்தான். ஆனா, அந்த ஒரு லிட்டரை யாராவது உள்ளே ஊத்தணுமே? டி-ஷர்ட்டோட போறவருக்கு வேர்வை வந்ததே தெரியாது, வந்த அடுத்த செகண்டே காஞ்சுடும். அதனால அந்த ஊர்ப் பழைய ரைடர்ஸ் வெயில் ஏற ஏற உடம்பை மூடுவாங்க. டி-ஷர்ட்டைத் தண்ணில நனைச்சு, மேல முழுக்கை ஜாக்கெட். ஈரம் மெதுவாக் காயும், அது வரைக்கும் உள்ளே குளுகுளு. (சென்னை மே மாசத்துல இதைச் செஞ்சா ஜாக்கெட்டுக்குள்ள இட்லிதான் வேகும். நம்ம காத்துல ஏற்கெனவே ஈரம் ஃபுல்.)

இதைவிட மோசமான விஷயம் ஒண்ணு இருக்கு. சூடு தலைக்கு ஏறினா முதல்ல போறது புத்தி. 'எனக்கு ஒண்ணும் இல்லை, போலாம் போலாம்'னு சொல்றப்பவே ஆள் குழம்பிப்போய் இருப்பார். அது அவருக்கே தெரியாது. பக்கத்துல வர்றவருக்குத்தான் தெரியும்... கோடு மாறி மாறிப் போறான், சிக்னல் போடாமத் திரும்புறான்னு. தனியாப் போனா அதைப் பாக்க யாரும் இல்லை.

தூரமும் சும்மா இல்லை. யூட்டாவில இன்டர்ஸ்டேட் 70 நெடுஞ்சாலை. கிரீன் ரிவர்ங்கிற ஊர்ல இருந்து சலைனா வரைக்கும் சுமார் 170 கிலோமீட்டர். நடுவுல பெட்ரோல் பங்க் கிடையாது, கடை கிடையாது, ஊரே கிடையாது. ஹார்லி ஸ்போர்ட்ஸ்டர்ல சில மாடலுக்கு வேர்க்கடலை மாதிரி ஒரு குட்டி டேங்க் இருந்துது, சுமார் 8 லிட்டர். லிட்டருக்கு 20 கிலோமீட்டர்னு வைங்க. எட்டு இருபது நூத்து அறுபது. மிச்சம் 10 கிலோமீட்டர் தள்ளிக்கிட்டு! மலை, பள்ளத்தாக்குல மொபைல் சிக்னலும் பல இடத்துல அம்பேல். உங்க ஃப்ரெண்ட் லிஸ்ட்ல ஆயிரம் பேர் இருந்தாலும், டவர் இல்லாத இடத்துல அந்த ஆயிரமும் சைபர்.

இது இன்னைக்கு நேத்து கதை இல்லை. 1916-ல அகஸ்டா, அடலின் வான் பியூரன்னு அக்கா தங்கச்சி ரெண்டு பேர், ஆளுக்கு ஒரு இந்தியன் பைக்ல நியூயார்க்ல இருந்து கலிஃபோர்னியா வரைக்கும் போனாங்க. முதல் உலகப்போர் நடந்துட்டு இருந்த சமயம். பொண்ணுங்களும் ராணுவத்துல தபால் கொண்டுபோற பைக் வேலை பாக்க முடியும்னு காட்டுறதுக்காகத்தான் அந்தப் பயணம். வழியில பேன்ட் போட்டதுக்காக போலீஸ் பிடிச்சுது (நிஜம்!). சால்ட் லேக் சிட்டி தாண்டினதும் பாலைவனத்துல வழி தவறி, தண்ணியும் தீர்ந்துபோச்சு. தாது தேடி அலையுற ஒரு ஆள் தற்செயலா தண்ணியோட வந்ததால பிழைச்சாங்க. செப்டம்பர்ல சான் ஃபிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்தாங்க. ஆனா, அவங்க கேட்ட ராணுவ வேலை கிடைக்கலை. அது வேற வயித்தெரிச்சல்.

தற்செயலா ஒரு ஆள் வரணும்னு காத்திருக்காம, அந்த ஆளை முன்கூட்டியே ஏற்பாடு பண்ணி வெச்சா என்ன? 1977-ல ஃபீனிக்ஸ்ல ஆரம்பிச்ச கோல்டு விங் ரோடு ரைடர்ஸ் அசோசியேஷன் செஞ்சது அதைத்தான்னு நான் நினைக்கிறேன். ஹோண்டா கோல்டு விங் வந்து அப்ப ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்துது. 999 சிசி, படுக்கைவாட்டுல நாலு சிலிண்டர், காத்துக்குப் பதிலா தண்ணி கூலிங், செயினுக்குப் பதிலா ஷாஃப்ட். தூரப் பயணத்துக்குன்னே அளவெடுத்துத் தைச்ச வண்டி. (இன்னைக்கு அதே பேர்ல வர்றது 1833 சிசி, ஆறு சிலிண்டர். பைக்னு சொன்னா நம்ப மாட்டீங்க, சோஃபாவுக்குச் சக்கரம் வெச்ச மாதிரி இருக்கும்.) வண்டி வாங்கினவங்க ஒருத்தரை ஒருத்தர் தேடிப் பிடிச்சாங்க. ஊர் ஊருக்குக் கிளை. ஜாலி, பாதுகாப்பு, அறிவு... இந்த மூணுக்கும் நண்பர்கள்ங்கிறதுதான் அவங்க கொள்கை. அரசியலும் மதமும் உள்ளே வரக் கூடாது.

அவங்க போட்ட மெம்பர் புத்தகத்துக்குப் பேர் 'கோல்டு புக்'. எனக்கு இந்தச் சங்கத்துல ரொம்பப் பிடிச்சது அதுதான். மெம்பர்கள் ஊர்வாரியா இருப்பாங்க. எந்த ஊர்ல யார் டூல்ஸ் தருவாங்க, யார் வண்டியை ஏத்த டிரெய்லர் கொண்டு வருவாங்க, யார் வீட்டுல கூடாரம் போட்டுக்கலாம்னு குறிப்பு இருக்கும். முகம் தெரியாத ஒருத்தருக்கு நடு ராத்திரி போன் போட்டு 'அண்ணே, பஞ்சர்'னு சொல்ற உரிமை... அதைத்தான் அந்தப் புத்தகம் கொடுத்துச்சு.

அந்தச் சங்கம் 2022 ஜூலை 31-ஓட மூடிட்டாங்க. 45 வருஷம் ஓடின வண்டி. சில ஊர்க் கிளைகள் மட்டும் வேற வேற பேர்ல தொடருது. காரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம்: அமெரிக்காவில பைக் வெச்சிருக்கிறவங்களோட நடு வயசு 1990-ல 32. 2018-ல 50! அந்த 32 வயசு ஆளுங்களேதான் முடி நரைச்சு ஓட்டிட்டு இருக்காங்க. பின்னாடி வரவேண்டிய நம்ம வயசு ஆளுங்க பத்தாது. வர்றவங்களும் சந்தா கட்டி, அடையாள அட்டை வாங்கி, மாசாமாசம் மீட்டிங் போறதுக்கு யோசிக்கிறாங்க. அதுல தப்பு சொல்ல மாட்டேன், நமக்கே டிபார்ட்மென்ட் அசோசியேஷன் மீட்டிங்னா வயித்தைக் கலக்குது. ஆனா, போன்ல கூப்பிட்டா டிரெய்லரோட வர்ற ஆளை எந்த ஆப் வெச்சிருக்கு?

அதுக்காக அங்கே எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு நினைக்காதீங்க. கூட்டமாப் போற பழக்கம் அப்படியேதான் இருக்கு. வெயில் காலத்துல காலையில சீக்கிரமே கிளம்பிடுவாங்க, டிபன் சாப்பிடுறதுதான் சாக்கு. 'கிக்ஸ்டாண்ட் அப் 5.30'னு தகவல் வந்தா, 5.30-க்கு வந்து சேரணும்னு அர்த்தம் இல்லை. டேங்க்கை ஃபுல் பண்ணி, டாய்லெட் போயிட்டு, ஹெல்மெட் மாட்டி, 5.30-க்கு வண்டி உருளணும். புதுசா வந்து சேர்ற ஆள் முதல்நாளே கோட்டை விடுறது இதுலதான்! முதல் ஆள் லேன்ல இடது ஓரம், அடுத்தவர் ஒரு செகண்ட் தள்ளி வலது ஓரம், நேர் முன்னாடி போறவருக்கும் உங்களுக்கும் ரெண்டு செகண்ட் இடைவெளி. அனுபவசாலி ஒருத்தர் கடைசியில வருவார், ஸ்வீப். அவர் வேலை எண்ணுறது. பத்துப் பேர் கிளம்பினா பத்துப் பேர் வந்து சேரணும்.

போற இடமும் சும்மா கலக்கல். டூஸான் ஊர்ல கள்ளிச்செடி நடுவுல கிளம்பி, 43 கிலோமீட்டர்ல மவுன்ட் லெமன் மேல பைன் மரக் காட்டுக்குப் போயிடலாம். கீழே சட்டை ஒட்டும், மேலே ஸ்வெட்டர் தேடுவீங்க. அரிசோனாவோட கிழக்கு ஓரத்துல யு.எஸ். 191, சுமார் 460 வளைவுன்னு கணக்கு சொல்றாங்க. 1992 வரைக்கும் அந்த ரோட்டோட நம்பர் 666. பைபிள்ல அது சாத்தானோட நம்பர். சும்மா விடுவாங்களா, 'பேய் ரோடு'ன்னு பேர் வெச்சுட்டாங்க! பழைய ரூட் 66 மேல ஓட்மன்னு ஒரு ஊர், தங்கச் சுரங்கம் மூடினதும் ஆளுங்க விட்டுட்டுப் போன கழுதைகளோட பேரன் பேத்திகள் நடு ரோட்டுல நின்னு டிராஃபிக் போலீஸ் வேலை பாக்கும். பக்கத்துலேயே கொலராடோ ஆறு. இந்தக் கரை நெவாடா, ஹெல்மெட் கட்டாயம். அந்தக் கரை அரிசோனா, 18 வயசு ஆயிட்டா வேண்டாம். பாலத்தைத் தாண்டினதும் ஹெல்மெட்டைக் கழட்டுறவங்களும் உண்டு. மண்டை அதே மண்டைதானே பாஸ்? எனக்குப் புரியவே இல்லை.

இன்னொண்ணு, ஹபூப். மழைக் காலத்துல மேகத்துல இருந்து காத்து தடால்னு கீழே இறங்கி, மண்ணை வாரிக்கிட்டு சுவர் மாதிரி வரும். 2011 ஜூலை 5-ம் தேதி ஃபீனிக்ஸை மூடின சுவரோட உயரம் ஐயாயிரம் அடிக்கும் மேல. அரிசோனா போக்குவரத்துத் துறை சொல்றது நம்ம பழக்கத்துக்கு நேர் எதிர்: ரோட்டை விட்டு நல்லாத் தள்ளி நிறுத்து, எல்லா லைட்டையும் அணை. லைட் எரிஞ்சா, பின்னாடி வர்றவன் அதான் ரோடுன்னு நினைச்சு நேரா உன் மேல வந்துடுவான். பைக்ல போறவங்க வண்டியை விட்டும் தள்ளி நிக்கிறது நல்லது. இதையெல்லாம் புதுசா வந்தவனுக்கு யார் சொல்லித் தர்றது? முன்னாடி போறவர் ஓரம் கட்டினா நீயும் கட்டு, அவ்வளவுதான் பாடம்.

உங்க சீனியர் யாராவது ஃபீனிக்ஸுக்குப் பக்கத்துல டெம்பியில, அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டியில எம்.எஸ். பண்ணிட்டு இருக்கலாம். நாளைக்கு நீங்களே போகலாம். கையில காசு சேர்ந்து செகண்ட் ஹேண்ட்ல ஒரு பைக் வாங்கினா, முதல் வாரமே தனியா கிராண்ட் கேன்யனுக்குக் கிளம்பிடாதீங்க. ஞாயித்துக்கிழமை காலையில ஏதாவது பைக் ஷோரூம் வாசல்ல காபி கப்போட ஒரு கூட்டம் நிக்கும். பாதிப் பேருக்கு நம்ம தாத்தா வயசு இருக்கும். நேராப் போய் 'ஹலோ' சொல்லுங்க. எந்த வண்டி, எத்தனை சிசின்னு யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க, புது ஆள் கிடைச்ச சந்தோஷத்துல ஒரு மணி நேரம் பேசியே கொன்னுடுவாங்க.

அப்புறம் ஒரு சைகை. வண்டி நின்னுபோய் உதவி வேணும்னா, ஹெல்மெட்டைக் கழட்டி பைக்குக்குப் பின்னாடி ரோட்டோரமாத் தரையில வைக்கிறது பைக் ஓட்டுறவங்க நடுவுல ரொம்ப நாள் வழக்கம். கார்ல போறவங்களுக்கு அது சும்மா ஒரு ஹெல்மெட். எழுதி வெச்ச சட்டம் எங்கேயும் கிடையாது, யாராவது ஒரு பழைய ஆள் சொன்னாத்தான் அடுத்த ஆளுக்குத் தெரியும்.