அணி பெயரலாம், அன்பு பெயருமா?

ஓர் ஊரின் பெயரைத் தாங்கி நிற்கும் விளையாட்டு அணி யாருக்கு உரியது? சட்டத்தைக் கேட்டால் அது உரிமையாளரைக் காட்டும். களத்தைக் கேட்டால் ஆட்டக்காரரைக் காட்டும். வெயிலில் அமர்ந்து, தொண்டை வறளக் குரல் கொடுத்த மக்களைக் கேட்டால், 'எங்கள் அணி' என்பர். மூன்று விடைகளும் ஒத்துச் செல்லும்வரை சிக்கல் இல்லை. ஒருநாள் அணி வேறு நகருக்குச் சென்றுவிட்டால், 'எங்கள்' என்னும் சொல்லுக்கு என்ன பொருள்? சென்ற அணியின்மீது தொடர்ந்து பற்று வைத்திருப்பது பேதைமையா, பண்பா? பண்பே என்பது என் கருத்து. எனினும், அப்பண்பு முழுமை பெறுவதற்கு ஒரு கடமையும் உண்டு.

மஞ்சள் சட்டையில் ஒரு பயணம்

தமிழ்நாடு இவ்வினாவைச் சிறிய அளவில் எதிர்கொண்ட ஆண்டு 2018. இரண்டு ஆண்டுத் தடைக்குப் பின்னர் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி அவ்வாண்டுதான் ஐ.பி.எல். கிரிக்கெட் போட்டிக்குத் திரும்பியிருந்தது. காவிரி மேலாண்மை வாரியம் அமைக்கக் கோரி மாநிலமெங்கும் போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்தில் ஓர் ஆட்டம் மட்டுமே நடந்தது. சென்னையில் நடக்க வேண்டிய எஞ்சிய ஆட்டங்கள் புனே நகருக்கு மாற்றப்பட்டன. வயலுக்கு நீர் கேட்பதும் வாழ்வு சார்ந்தது. அதன்முன் ஆட்டம் சிறிதே. ஆயினும், இரண்டு ஆண்டுகள் காத்திருந்த ரசிகரின் ஏக்கம் பொய்யன்று. ஏறத்தாழ ஆயிரம் பேர் மஞ்சள் சட்டை அணிந்து, சென்னையிலிருந்து சிறப்புத் தொடர்வண்டியில் புனே சென்று, ஏப்ரல் 20 அன்று நடந்த ஆட்டத்தைக் கண்டனர். அன்று அணி ராஜஸ்தானை 64 ஓட்டங்களில் வென்றது. அவ்வாண்டுக் கோப்பையையும் கைப்பற்றியது. அடுத்த ஆண்டே சேப்பாக்கத்துக்குத் திரும்பியது.

அப்பிரிவு தற்காலிகமானது. நம் அகப்பொருள் இலக்கணம் பிரிதலைப் பாலைத் திணைக்கும், சென்றவர் வரும்வரை ஆற்றியிருத்தலை முல்லைத் திணைக்கும் உரிப்பொருளாக வகுத்துள்ளது. வருவார் என்னும் உறுதியே முல்லையின் உயிர். திரும்பி வாராத பிரிவாயின் என் செய்வது?

சியாட்டில் நகரின் இழப்பும் காப்பும்

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1967இல் தோன்றியது சூப்பர்சானிக்ஸ் என்னும் கூடைப்பந்து அணி. 1979இல் அந்நாட்டின் முதன்மையான கூடைப்பந்துத் தொடரில் அது வாகை சூடியது. 2006இல் ஓக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த முதலீட்டாளர் குழு ஒன்று அவ்வணியை விலைக்கு வாங்கியது. புதிய அரங்கம் ஒன்றுக்குப் பொதுப்பணம் செலவிடுவது குறித்து உடன்பாடு ஏற்படவில்லை. 41 பருவங்கள் ஆடிய ஊரைவிட்டு, 2008இல் அணி ஓக்லஹோமா நகருக்குச் சென்றது. நகர நிருவாகம் வழக்குத் தொடுத்து, முடிவில் சமரசம் செய்துகொண்டது. அதன்படி, பழைய பெயரும் நிறங்களும் சியாட்டிலுக்கென விடப்பட்டன. ஆட்டக்காரர் இல்லாத வெறும் பெயரைத்தான் ரசிகர்கள் பல ஆண்டுகளாகப் போற்றி வந்தனர்.

இதே வரலாற்றில் பலரும் கவனிக்கத் தவறும் மற்றொரு பகுதி உண்டு. அந்த உரிமையாளரிடமே ஸ்டார்ம் என்னும் மகளிர் கூடைப்பந்து அணியும் இருந்தது. அதனையும் இழக்க விரும்பாத உள்ளூர்ப் பெண்கள் சிலர், 2008இல் கூடிப் பணம் திரட்டி அவ்வணியை வாங்கி, ஊரிலேயே நிலைபெறச் செய்தனர். 2010, 2018, 2020 ஆகிய ஆண்டுகளில் ஸ்டார்ம் வாகை சூடியது. போன அணிக்காக வருந்திய நகரில், இருந்த அணி மும்முறை வென்றது! முல்லையின் இருத்தல் கைகட்டி அமர்ந்திருத்தல் அன்று. மனையைப் பேணிக் காத்திருத்தல். அப்பெண்கள் செய்தது அதுவே.

கடையும் களமும்

'அணி ஒரு வணிக நிறுவனம்; வருவாய் குறைந்தால் இடம் மாறத்தான் செய்யும். கடை இடம் மாறினால் வாடிக்கையாளர் அழுவாரோ?' என்று சிலர் வினவலாம். கடைக்குப் பணம் தந்தோம், பொருள் பெற்றோம். கணக்குப் பற்றுச்சீட்டோடு முடிந்தது. ஒரு ரசிகர் தம் அணிக்குத் தந்தது அத்தகையதன்று. தோல்விமேல் தோல்வி கண்ட ஆண்டிலும் மறுபடி வந்து அமர்ந்த பொறுமையை அவர் தந்தார். தம் பிள்ளைக்கும் அவ்வணியின் பெயரைச் சொல்லி வளர்த்தார். அந்தப் பற்றுக்குச் சீட்டு ஏது? ஆகவே, பெயர்ந்த அணியை ஒருவர் தொடர்ந்து நேசித்தாலும், மனம் கசந்து விலகினாலும் அவரைப் பழித்தல் தகாது.

ஓர் ஊரின் இழப்பு மற்றோர் ஊரின் பேறாவதையும் மறத்தல் கூடாது. சென்னை சிட்டி என்னும் கால்பந்து அணி, 2017இல் தன் களத்தைக் கோயம்புத்தூருக்கு மாற்றிக்கொண்டது. பெயரில் மட்டும் சென்னை நின்றது. 2019 மார்ச் 9 அன்று, கோவை நேரு விளையாட்டரங்கில் மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என வென்று, ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில் ஐ-லீக் பட்டத்தைப் பெற்றது. அன்று ஆர்ப்பரித்த கோவை மக்களின் மகிழ்ச்சியைப் பொய் என எவர் சொல்வார்? தலைநகரின் பெயரைத் தாங்கிய அணியைக் கொங்கு நாட்டு மக்கள் தம்முடையதாக்கிக் கொண்டனர்.

நம் மாவட்டத்தின் நிலை

கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து சென்னை ஏறத்தாழ 700 கி.மீ. தொலைவில் உள்ளது. சேப்பாக்கத்தில் ஆடினாலும் புனேயில் ஆடினாலும், நாஞ்சில் நாட்டு ரசிகருக்கு அணி தொலைவில்தான் இருக்கிறது. திரையின் வழியே நேசிக்கப் பழகியவர்கள் நாம். நம்மை விட்டுப் பெயர்வது அணியன்று, ஆட்டக்காரர்.

கேரள எல்லையை அடுத்த தூத்தூர் வட்டாரக் கடற்கரை ஊர்கள் கால்பந்துக்குப் பெயர் பெற்றவை. சந்தோஷ் கோப்பைப் போட்டியில் தமிழ்நாட்டுக்காக ஆடியவர் பலர் அங்கே உள்ளனர். இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டி அணிக்காகக் கோவையிலும், பின்னர் ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா நகரங்களின் அணிகளிலும் ஆடினார். அவர் ஆடும் அணியே அவ்வூருக்கு அந்தந்த ஆண்டின் சொந்த அணி. ஆழ்கடல் தொழிலுக்குச் சென்றால் வாரக்கணக்கில் கரை திரும்பாத மீனவர்கள் வாழும் ஊர்கள் அவை. தொலைவு அன்பைக் குறைக்காது என்பதை அவ்வூர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

அவ்வூர்கள் நமக்கு மற்றொன்றையும் கற்பிக்கின்றன. ஆட்டக்காரர் வெளியூர் சென்ற பின்னும், கரை மணலில் அடுத்த தலைமுறை பந்தை உதைத்துக்கொண்டிருக்கிறது; மாலையில் பெரியவர்கள் வந்து நின்று பார்க்கிறார்கள். அந்தப் பார்வைதான் களத்தை வாழ வைக்கிறது. பார்ப்பவர் இல்லாத திடலில் முதலில் புல் மண்டும். பிறகு வாகனங்கள் நிற்கும். பிறகு அது திடல் என்பதே மறந்துபோகும். தொடக்கத்தில் குறிப்பிட்ட கடமை இதுவே: தொலைவிலுள்ள அணியின்மீது எவ்வளவு பற்று வைக்கிறோமோ, அதில் ஒரு பங்கையேனும் நம் ஊர்க் களத்துக்குத் தர வேண்டும்.

பெரிய அணிகளை வாங்குவதும் பெயர்ப்பதும் பணம் படைத்தோர் கையில் உள்ளன. பள்ளித் திடல் அப்படியன்று. அதை எந்த முதலீட்டாளரும் ஓக்லஹோமாவுக்குக் கொண்டு செல்ல முடியாது. நாம் கைவிட்டால்தான் அது அழியும். நாகர்கோவில் அறிஞர் அண்ணா விளையாட்டரங்கில் உங்கள் பள்ளி ஆடும் நாளில், சிறப்பாக மாணவியர் அணி களமிறங்கும் நாளில், இருக்கைகள் வெறுமையாக இருக்கலாம். சென்று அமருங்கள். அணி தோற்றாலும், அடுத்த ஆட்டத்துக்கும் செல்லுங்கள்.