ஆலை மூடியது, வழக்கு மூடவில்லை

ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்றொரு ஆலை இருந்தது. 1970-களின் நடுவில் தொடங்கி 1990-களின் நடுவில் மூடப்பட்டது. தோல் பதனிடும் தொழிலுக்குத் தேவையான குரோமிய உப்புகளைச் செய்து கொடுத்த ஆலை அது. ஆலை போனது, அதில் கிடைத்த கூலியும் போனது. ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேலான கழிவு மட்டும் போகவில்லை. திறந்தவெளியில் குன்றுபோலக் குவிந்து, ஒரு தலைமுறை வளர்ந்து ஆளாகும் காலம்வரை அங்கேயே கிடந்தது. மழை பெய்யும்போதெல்லாம் அதிலிருந்து மஞ்சள் தண்ணீர் கசிந்து நிலத்தடிக்குப் போனது. 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகிலேயே மிக மோசமாக மாசடைந்த 10 இடங்களைப் பட்டியலிட்டபோது, செர்னோபிலோடு சேர்த்து நம் ராணிப்பேட்டையின் பெயரையும் எழுதியது.

அந்த மஞ்சள் நிறம் என்ன? குரோமைட் தாதுவைச் சோடா உப்போடு சேர்த்து வறுத்து குரோமியத்தைப் பிரித்தெடுத்த பிறகு சக்கை மிஞ்சும். அந்தச் சக்கையில் ஒட்டியிருப்பது ஹெக்ஸாவேலண்ட் குரோமியம் என்ற நஞ்சு. அது தண்ணீரில் எளிதாகக் கரையும். தோலில் பட்டால் ஆறாத புண் வரும். தூசியாக மூச்சில் போனால் மூக்கின் நடுச்சுவர் துளைபடும். நுரையீரல் புற்றுநோயும் வரும். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். கண்ணுக்கு மஞ்சளாகத் தெரியும் தண்ணீர் அந்த அளவை எப்போதோ தாண்டிவிட்டது என்று பொருள். நிறம் தெரியாத தண்ணீரிலும் அது இருக்கலாம் என்பதுதான் இன்னும் பெரிய ஆபத்து.

தோலுக்கும் நமக்கும் உள்ள உறவைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. செத்த மாட்டைத் தூக்க வைத்ததும் சாதி. தூக்கியதற்காகத் தீட்டு என்று ஒதுக்கியதும் சாதி. அதே தோல் கப்பலேறி அந்நியச் செலாவணி ஆனதும் தீட்டு கழிந்துவிட்டது. லாபம் வேறு தெருவுக்குப் போனது. கழிவு மட்டும், வேறிடம் போக முடியாதவர்களின் பக்கத்தில் தங்கிவிட்டது. வசதியுள்ளவர் கேன் தண்ணீர் வாங்குவார், போரை இன்னும் ஆழமாக இறக்குவார், நிலத்தை விற்று நகரத்துக்குக் குடிபோவார். அரசு கொடுத்த மூன்று சென்ட் மனையில் தொகுப்பு வீடு கட்டியிருப்பவர் எங்கே போவார்?

இதைப் பற்றிக் கூட்டங்களில் பேசும்போதெல்லாம் நாம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். கேஸ் போடலாம், வக்கீலுக்கு யார் காசு கொடுப்பது? அந்தக் கேள்விக்குப் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. நம்மில் பலருக்கு அது தெரியாது என்பதால்தான் இன்று இதை எழுதுகிறோம்.

இலவச வக்கீல் தயவு அல்ல, உரிமை

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், யாருக்கெல்லாம் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்று 12-ஆம் பிரிவில் சொல்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத் திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், சாதி வன்கொடுமைக்கும் தொழிற்சாலைப் பேரிடருக்கும் ஆளானவர்கள் எல்லோரும் அதில் வருகிறார்கள். இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. ஆண்டு வருமானம் எவ்வளவு என்று கேட்டுத் திருப்பி அனுப்ப முடியாது. சாதிச் சான்றிதழ் போதும்.

வக்கீல் கட்டணம் மட்டுமல்ல. நீதிமன்றக் கட்டணம், தட்டச்சு, மொழிபெயர்ப்புச் செலவும் இதில் அடங்கும். இந்தச் சட்டத்தில் நீதிமன்றம் என்ற சொல்லுக்குள் தீர்ப்பாயமும் அடக்கம். ஆகவே சென்னையில் இருக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் வழக்கு நடத்தவும் இந்த உதவியைக் கேட்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தாலுகா நீதிமன்றத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளில் மனு எழுதிக் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். மனு கொடுத்ததும் ஒப்புதல் சீட்டு வாங்காமல் வெளியே வரக் கூடாது.

தீர்ப்புகள் நம் பக்கம்

சட்டம் நமக்கு எதிராக இருக்கிறது என்று நினைப்பது தவறு. இதே பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைகளின் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுப்பதோடு கெட்டுப்போன மண்ணையும் நீரையும் சரிசெய்து தருவதும் அவர் பொறுப்பு என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. இன்று நாடு முழுவதும் மாசு வழக்குகளில் மேற்கோள் காட்டப்படுவது நம் மாவட்டத்து மக்கள் வாங்கிய அந்தத் தீர்ப்புதான்.

ஆலை மூடிவிட்டதே, இனி யாரைக் கேட்பது என்று சிலர் கைவிடுகிறார்கள். ராஜஸ்தானில் உதய்பூருக்குப் பக்கத்தில் பிச்சிரி என்ற கிராமம் இருக்கிறது. அங்கே சாய இரசாயன ஆலைகள் விட்டுச்சென்ற கழிவால் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறியது. ஆலை ஓடவில்லை என்பது அங்கே சாக்காக எடுபடவில்லை. 1996 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஆலை முதலாளிகளைப் பொறுப்பாக்கியது. பணம் கட்டாமல் இழுத்தடித்தார்கள். 2011-ல் ரூ.37.385 கோடியைக் கூட்டு வட்டியோடு கட்டச் சொன்னது அதே நீதிமன்றம். கதவைப் பூட்டினால் கணக்கு முடிந்துவிடாது.

ஆனால் தீர்ப்பு வேறு, பணம் கைக்கு வருவது வேறு. 1996 தீர்ப்பையொட்டி அமைக்கப்பட்ட சுற்றுச்சூழல் இழப்பு ஆணையம், 2001 மார்ச்சில் 29,193 பேருக்கு சுமார் ரூ.26.82 கோடி இழப்பீடு நிர்ணயித்தது. 2009-ல் இன்னொரு உத்தரவு வந்தது. இவ்விரண்டு உத்தரவுகளின்படியும் இன்னும் கொடுக்கப்படாதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் அரசு பணம் கொடுத்துவிட்டு, அதை ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகளுக்கு மேல். அந்தப் பட்டியலில் பெயர் இருந்து, பணம் வாங்காமலே கண்ணை மூடியவர்களின் வாரிசுகள் நம் ஊர்களில் இருப்பார்கள். அவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, பழைய பட்டியலில் தங்கள் குடும்பத்தின் பெயர் இருக்கிறதா என்று கேட்டு மனு போடுவது.

பட்டியலில் யார் பெயர்?

இங்கேதான் நமக்கான கேள்வி வருகிறது. நிலத்தடி நீர் கெட்டால் எதை வைத்து இழப்பைக் கணக்கிடுகிறார்கள்? பட்டா, அடங்கல், சர்வே எண், எத்தனை ஏக்கர், என்ன பயிர். நிலம் உள்ளவருக்கு இந்தக் காகிதங்கள் பெட்டியில் இருக்கின்றன. அந்த நிலத்தில் களை எடுத்தவருக்கு, நாற்று நட்டவருக்கு என்ன காகிதம் இருக்கிறது? பயிர் போனபோது அவர் கூலியும் போனது. மாடு செத்தது. தெருக்குழாய் வராத நாளில் அடிபம்புத் தண்ணீரைக் குடித்தார். இவை எதுவும் அடங்கலில் ஏறாது. நீதிபதி நல்லவராக இருக்கலாம், வக்கீல் கெட்டிக்காரராக இருக்கலாம். காகிதத்தில் இல்லாத ஆளுக்கு அவர்களால் எதையும் வாங்கித் தர முடியாது. இலவச வக்கீல் நமக்குக் கிடைப்பார். சாட்சியத்தை நாமேதான் சேர்க்க வேண்டும்.

காலக்கெடுவும் உண்டு. பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடும் சீரமைப்பும் கேட்பதற்கு, காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 5 ஆண்டுகள்தான் அவகாசம். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள். பழைய கழிவு இன்றும் கசிகிறது, ஆகவே தீங்கு தொடர்கிறது என்று வாதிடலாம். அப்படி வாதிட இன்றைய தேதியிட்ட ஆதாரம் கையில் வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர் அங்கே கட்டணம் கட்ட வேண்டியதில்லை. தனியாளாகப் போக அஞ்சுபவர்கள் சங்கமாகவும் போகலாம்.

மத்திய அரசு 2025 ஜூலையில் மாசடைந்த இடங்களைக் கையாள்வதற்கென்றே தனி விதிகளை வெளியிட்டது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகமும் உள்ளாட்சியும் கண்டறிந்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். வாரியம் ஆய்வு செய்து, மாசுபடுத்தியவரைக் கண்டுபிடித்து, சுத்தம் செய்யும் செலவை அவரிடம் வாங்க வேண்டும். கிராம சபையில் தீர்மானம் போட்டு இந்த விதியின் பெயரைச் சொல்லி அனுப்பினால், அதிகாரி பதில் எழுதியே ஆக வேண்டிய நிலை வரும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையைப் பயன்படுத்த முடியாதபடி கெடுப்பது அச்சட்டத்தின் 3-ஆம் பிரிவில் குற்றம். கெடுத்தவர் யார் என்று காட்ட வேண்டும் என்பதால், ஆலைக் கழிவு வழக்கில் இதை நிலைநாட்டுவது எளிதல்ல. இரவோடு இரவாக லாரியில் கொண்டுவந்து ஏரியில் கொட்டிப் போகிறவனைக் கையும் களவுமாகப் பிடித்தால், இந்தப் பிரிவை எழுதாமல் புகாரை முடிக்கக் கூடாது.

ஒரு நோட்டு போதும்

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை சொல்கிறோம். நாற்பது ரூபாய்க்கு ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். தெருவில் வீடு வீடாகப் போய் எழுதுங்கள். எந்தக் கிணறு, எந்த அடிபம்பு, எந்த ஆண்டிலிருந்து தண்ணீர் மாறியது? யாருக்குப் புண், யாருக்கு மூச்சுத் திணறல், எந்த ஆஸ்பத்திரியில் காட்டினார்கள்? ஓ.பி. சீட்டைத் தூக்கிப் போட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அந்த ஆலையில் வேலை பார்த்த தாத்தாக்களின் அடையாள அட்டையும் சம்பளச் சீட்டும் இருந்தால் படம் எடுத்து வையுங்கள். மழை நாளில் வழியும் தண்ணீரைத் தேதி தெரியும்படி படம் பிடியுங்கள். நூறு நாள் வேலை அட்டையை நகல் எடுங்கள். அவர் அந்த ஊரில்தான் வாழ்ந்தார் என்பதற்கு அதுவும் ஓர் ஆதாரம்.

அடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கட்டணத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு போடுங்கள். எங்கள் ஊரின் நிலத்தடி நீரை எந்தெந்தத் தேதியில் எடுத்துச் சோதித்தீர்கள், குரோமியம் எவ்வளவு இருந்தது, முடிவின் நகல் தாருங்கள் என்று மூன்றே கேள்வி போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். சோதிக்கவே இல்லை என்று பதில் வந்தால் அதுவும் வழக்குக்கு உதவும் ஆதாரம்தான்.

மகத் குளத்தை நாம் தண்ணீருக்கான போராட்டமாகவே நினைவில் வைத்திருக்கிறோம். 1927 மார்ச்சில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அதே ஆண்டு டிசம்பரில் சாதி இந்துக்கள் அவர்மீது வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கு பத்து ஆண்டுகள் நடந்தது. குளம் நகராட்சிக்குச் சொந்தமானது என்று காட்ட ஆவணங்கள் இருந்தன. தாழ்த்தப்பட்டோரைத் தள்ளிவைப்பது தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்பதை எதிர்த்தரப்பால் நிரூபிக்க முடியவில்லை. 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அண்ணல் வென்றார். குளத்தில் இறங்கிய கால்களும் வேண்டியிருந்தன, நீதிமன்றத்தில் நீட்டிய காகிதமும் வேண்டியிருந்தது.

அன்று தண்ணீரைத் தொடவிடாமல் தடுத்தார்கள். இன்று தொட்டால் புண் வரும் தண்ணீரை நம்மிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கதவு திறந்திருக்கிறது. அடுத்த கிராம சபை கூடுவதற்குள் நம் கையில் அந்த நோட்டு இருக்க வேண்டும்.