வில்லியனூரும் பாகூரும் எந்தக் கணக்கில் இருக்கு?

2025 ஏப்ரலில் மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் ‘பஞ்சாயத்து முன்னேற்றக் குறியீடு’ என்ற பட்டியலை முதல்முறையாக வெளியிட்டது. வறுமை, சுகாதாரம், குழந்தைகள் நலம், குடிநீர் என 9 தலைப்புகளில் 2.16 லட்சம் ஊராட்சிகளுக்கு மார்க் போடப்பட்டது. அதில் புதுச்சேரி இல்லை. தரவு சரிபார்ப்பு முடியாததால் விடுபட்ட ஐந்து மாநில, யூனியன் பிரதேசங்களில் அதுவும் ஒன்று.

பட்டியலில் பேர் வரலைன்னா குடியா முழுகிடும்? முழுகாதுதான். ஆனால் 2030-க்குள் எட்ட வேண்டிய ஐ.நா.வின் 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளில் தங்கள் ஊர் எங்கே நிற்கிறது என்று வில்லியனூர், பாகூர் மக்களுக்குச் சொல்ல வேறு கணக்கும் கைவசம் இல்லை.

சராசரிக்குள் காணாமல் போகும் ஊர்கள்

நிதி ஆயோக்கின் இலக்குக் குறியீடு புதுச்சேரிக்குத் தருவது ஒரே மதிப்பெண். கேரளக் கரையில் இருக்கும் மாஹே, ஆந்திரத்தை ஒட்டிய ஏனாம், காரைக்கால், புதுச்சேரி நகரம் எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் அடக்கம். பாகூரின் நெல் வயல், நரம்பையின் மீனவர் குடியிருப்பு, வில்லியனூர் கொம்யூனில் சேதராப்பட்டு தொழிற்பேட்டை என ஒவ்வொன்றின் பிரச்சினையும் வேறு. சராசரி அதைக் காட்டாது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கடைசியாக நடந்தது 2011-ல், அடுத்தது 2027-ல். நடுவில் வரும் மாதிரி ஆய்வுகள் மாவட்ட அளவோடு நின்றுவிடுகின்றன. கொம்யூன் அளவுக்கு இறங்கினால், ஆய்வில் சிக்கும் வீடுகள் நம்பகமான முடிவு சொல்லப் போதாது.

எல்லையும் கணக்கைக் குழப்புகிறது. பிறப்பு எங்கே நடக்கிறதோ அங்கேதான் பதிவாகும் என்பது 1969-ம் ஆண்டுச் சட்டம். விழுப்புரம், கடலூரிலிருந்து ஜிப்மருக்கு வந்து பிரசவித்தாலும் அது புதுச்சேரிப் பிறப்புதான். இந்த எண்ணை வைத்து கிராமத்துத் தாய்சேய் நலத்தை அளந்தால் விடை தப்பாகத்தான் வரும்.

தீவுகள் சொல்லும் வழி

தமிழ்நாட்டு ஊர்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கும் புதுச்சேரியும் ஒருவகையில் நிலத்தின் மேல் இருக்கும் தீவுக்கூட்டம்தான். உண்மையான சிறு தீவு நாடுகளுக்கும் இதே தலைவலி: குறைந்த மக்கள், குறைந்த ஊழியர்கள், ஆனால் பெரிய நாடுகள் தரும் அதே அளவு அறிக்கைகள். 2024 மே மாதம் ஆன்டிகுவாவில் கூடிய அந்த நாடுகள், அடுத்த பத்தாண்டுத் திட்டத்தில் தங்களுக்கெனப் பொதுவான தரவு மையம் ஒன்றையும் சேர்த்தன. தனித்தனியாகத் திணறுவதைவிடச் சேர்ந்து செய்யலாம் என்பதே கணக்கு.

புதுச்சேரிக்கும் இது பொருந்தும். ஊசுட்டேரி தமிழ்நாட்டோடு பகிர்ந்துகொள்ளும் ஏரி. அதன் நீரை இரு அரசுகளும் தனித்தனியாக அளந்து தனித்தனி கோப்பில் வைப்பதில் என்ன பயன்?

புது சர்வே தேவையா?

‘ஏற்கெனவே ஆள் பற்றாக்குறை, இதில் கொம்யூன் வாரியாகக் கணக்கு வேறயா?’ என்ற கேள்வி நியாயமானது. ஆனால் இதற்குப் புது சர்வே வேண்டாம். பிறப்புப் பதிவுப் படிவத்திலேயே தாய் வழக்கமாக வசிக்கும் ஊர் கேட்கப்படுகிறது. அதை வைத்துப் பிரித்தால் ஜிப்மர் குழப்பம் பாதி தீரும். அங்கன்வாடியில் குழந்தைகளின் எடை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி, பள்ளியில் வருகை எல்லாம் பதிவாகின்றன. இவற்றை எல்லாம் ஒரே ஊர்க் குறியீட்டில் இணைத்து, பெயர் விவரம் இல்லாமல், கொம்யூன் வாரியாக மாதம் ஒருமுறை வெளியிட்டாலே போதும்.

கேள்வி கேட்பது யார்?

தொழில்நுட்பம் தீர்க்காத சிக்கல் ஒன்று மிச்சம் இருக்கிறது. புதுச்சேரியில் 38 ஆண்டுகளுக்குப் பிறகு 2006-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அதன்பின் பத்தாண்டுக்கும் மேலாகக் கொம்யூன் பஞ்சாயத்துகளை நடத்தியது அதிகாரிகள்தான். கணக்கு எழுதுபவரும் அதைச் சரிபார்ப்பவரும் அதிகாரியே என்றால், ‘எங்க தெருக் குழாயில உப்புத் தண்ணி வருது, உங்க ஏட்டுல நல்ல தண்ணின்னு இருக்கே’ என்று கூட்டத்தில் எழுந்து கேட்க வார்டு உறுப்பினர் இல்லை.

தரவை ஊருக்குத் திறப்பதும், அதைத் தட்டிக்கேட்கும் உரிமையைத் தேர்தல் மூலம் ஊருக்குத் திருப்பித் தருவதும் சேர்ந்தே நடக்க வேண்டிய வேலைகள். ஒன்றை விட்டால் மற்றது வெறும் ஏட்டுச் சுரைக்காய்.