ஒரே கம்பெனி, இரண்டு குப்பி, நாற்பது மடங்கு விலை

டிஸ்கி: நான் பி.காம் படிக்கிறவன், டாக்டர் இல்லை. கண்ணில் எந்த ஊசி போடுவது என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். விலை ஏன் அப்படி என்பதற்கு மட்டும் என்னிடம் சண்டைக்கு வாருங்கள் :-)

மருந்து விலையைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோர் வாயிலும் ரெடியாக ஒரு பதில் இருக்கிறது. "ஆராய்ச்சிக்கு எவ்வளவு செலவு தெரியுமா? பத்து மருந்தில் ஒன்றுதான் தேறும். போட்ட காசை எங்கே எடுப்பது?" கம்பெனிக்காரர்கள் இப்படிச் சொன்னால் அது அவர்கள் பிழைப்பு. ஆனால் காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பர் எழுதிப் பாஸ் பண்ணிய என் வகுப்புப் பசங்களும் அதையே சொல்கிறார்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

இந்தப் பதில் தப்பு என்று காட்ட ஒரே ஒரு உதாரணம் போதும். இரண்டு மருந்துகள். இரண்டும் ஒரே கம்பெனியின் ஆராய்ச்சியில் பிறந்தவை. இரண்டும் உடம்பில் பிடிப்பது ஒரே பொருளை. லூசென்டிஸ் வந்த காலத்தில் கண்ணில் போட ஒன்றின் விலை சுமார் 50 டாலராக இருந்தது. இன்னொன்று சுமார் 2,000 டாலராக இருந்தது.

முதலில் கொஞ்சம் பின்னணி. நம் உடம்பு கிருமிகளைப் பிடிக்க ஆன்டிபாடி என்ற புரதத்தைச் செய்கிறது. நமக்கு வேண்டிய ஒரே ஒரு ஆன்டிபாடியை மட்டும் நகல் எடுத்ததுபோல் ஆய்வுக்கூடத்தில் செய்துகொண்டே இருக்க முடியும் என்று 1975ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டீன் என்ற இருவர் காட்டினார்கள். அதுதான் மோனோக்ளோனல் ஆன்டிபாடி. 1984ல் நோபல் பரிசும் கிடைத்தது. அவர்கள் வேலை செய்தது அரசுப் பணத்தில் நடந்த ஆய்வுக்கூடம். அந்த முறைக்குப் பேட்டன்ட் எடுக்கப்படவே இல்லை. யார் வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று உலகத்துக்கு வந்த சரக்கு அது. இன்று இந்த வகை மருந்துகளில் பல மிகவும் விலை உயர்ந்தவை. பெயர் 'மாப்' என்று முடிந்தால் பெரும்பாலும் அந்த ஜாதிதான். அடலிமுமாப், ட்ராஸ்டுசுமாப்... பில்லைப் பார்த்தால் ஆளுக்கே மயக்கம் வரும்.

சரி, நம் கதைக்கு வருவோம். அமெரிக்காவின் ஜெனன்டெக் கம்பெனியில் நெப்போலியோனே ஃபெராரா என்ற விஞ்ஞானி 1989ல் விஇஜிஎஃப் என்ற புரதத்தைப் பிரித்தெடுத்தார். புதிய ரத்தக் குழாய்களை வளரச் சொல்லும் புரதம் அது. புற்றுநோய்க் கட்டி வளர ரத்தம் வேண்டும். ஆகவே இந்தப் புரதத்தைத் தடுத்தால் கட்டியைப் பட்டினி போடலாம் என்பது கணக்கு. அப்படி வந்த மருந்துதான் பெவாசிசுமாப். கடைப்பெயர் அவாஸ்டின். 2004ல் குடல் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது.

இதே புரதம் கண்ணிலும் வேலையைக் காட்டும். வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுவில் வேண்டாத ரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிந்து பார்வை போகும். மாகுலர் டிஜெனரேஷன் என்பார்கள். சர்க்கரை நோயாளிகளின் விழித்திரை வீக்கத்திலும் இதற்குப் பங்கு உண்டு. இதற்காக அதே ஜெனன்டெக், அதே தாய் ஆன்டிபாடியின் வழியில் வந்த ஒரு சிறு துண்டை மருந்தாக்கியது. அது ரானிபிசுமாப், கடைப்பெயர் லூசென்டிஸ். 2006ல் அனுமதி.

அனுமதி வருவதற்கு முன்பே ஒரு காரியம் நடந்துவிட்டது. 2005ல் மயாமியில் பிலிப் ரோசன்ஃபெல்ட் என்ற கண் மருத்துவர், கையில் இருக்கும் அவாஸ்டினையே துளி எடுத்துக் கண்ணில் போட்டுப் பார்த்தார். வேலை செய்தது. உலகம் முழுக்கக் கண் டாக்டர்கள் அதையே செய்ய ஆரம்பித்தார்கள். நம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை வரை அது வந்தது.

இப்போது கால்குலேட்டரை எடுங்கள். அவாஸ்டினின் சிறிய குப்பியில் 100 மில்லிகிராம். கண்ணுக்கு ஒரு தடவைக்கு வேண்டியது 1.25 மில்லிகிராம். 100ஐ 1.25ஆல் வகுத்தால் 80. சிந்தியது, சிரிஞ்சில் ஒட்டியது எல்லாம் போனாலும் ஒரு குப்பியில் பல டஜன் கண்களுக்கு மருந்து. அதனால்தான் ஒரு ஊசி 50 டாலரில் முடிந்தது.

இந்த 50 டாலர் தர்ம விலை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். புற்றுநோய்க்கு என்று கம்பெனியே வைத்த விலையில் இருந்து வெட்டிய துண்டு அது. அந்தப் புற்றுநோய் விலையே அதிகம் என்று பலரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதாவது ஆராய்ச்சி, தொழிற்சாலை, லாபம் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். அப்படியென்றால் 2,000 டாலர் என்பது எந்தச் செலவின் விலை?

செலவின் விலை அல்ல. பார்வை போய்விடுமோ என்ற பயத்தின் விலை.

பாடப்புத்தகத்தில் சங்க் காஸ்ட் என்று ஒன்று வருமே, ஞாபகம் இருக்கிறதா? செலவழித்து முடிந்த பணம், இனிமேல் வைக்கப்போகும் விலையைத் தீர்மானிக்காது. வாங்குகிறவன் எவ்வளவு வரை தாங்குவான், போட்டிக்கு யார் இருக்கிறார்கள், இவை இரண்டும்தான் தீர்மானிக்கும். ஆராய்ச்சிச் செலவு என்பது விலை வைத்த பிறகு சொல்லும் கதை.

"இரண்டும் ஒரே மருந்து இல்லையே, ஒன்று முழு ஆன்டிபாடி, இன்னொன்று துண்டு" என்பார்கள். உண்மைதான். அப்படியானால் எது நன்றாக வேலை செய்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும், இல்லையா? கம்பெனி அந்தச் சோதனையைச் செய்யவில்லை. ஏன் செய்யும்? தோற்றால் தன் 2,000 டாலர் சரக்கைத் தன் 50 டாலர் சரக்கே கொன்றுவிடும். கடைசியில் அமெரிக்க அரசின் தேசியக் கண் ஆய்வு நிறுவனம் மக்கள் வரிப்பணத்தில் சோதித்தது. 1,185 நோயாளிகள். 2011ல் முடிவு வந்தது: மாதம் ஒன்றாகப் போட்டதில் இரண்டும் பார்வையைச் சமமாகவே காத்தன.

அந்த ஆய்வில் அவாஸ்டின் போட்டவர்களில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் முதலான கடுமையான பக்கவிளைவுகள் சற்று அதிகம் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். மறைக்க வேண்டியதில்லை. பிறகு 2014ல் காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மரணத்திலோ கடுமையான பக்கவிளைவுகளின் மொத்தத்திலோ அவாஸ்டினால் கூடுதல் ஆபத்து இருப்பதாகத் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2013லேயே பெவாசிசுமாப்பைக் கண்ணுக்கான அத்தியாவசிய மருந்தாகப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் ஒன்று 2011ல் கணக்குப் போட்டது. 2008, 2009 இரண்டே வருடங்களில் எல்லோருக்கும் அவாஸ்டின் விலையில் பணம் கொடுத்திருந்தால் மெடிகேர் திட்டத்துக்கு 110 கோடி டாலர் மிச்சமாகியிருக்கும். ஏன் எல்லா டாக்டரும் மாறவில்லை? சட்டத்தைப் பாருங்கள். 2005 முதல் இந்த மாதிரி ஊசிகளுக்கு, சராசரி விற்பனை விலையும் அதற்கு மேல் 6 சதவீதமும் டாக்டருக்குக் கொடுப்பது மெடிகேரின் முறை. 50க்கு 6 சதவீதம் 3 டாலர். 2,000க்கு 6 சதவீதம் 120 டாலர். மலிவான மருந்தைத் தேர்ந்தெடுத்த டாக்டரைத் தண்டிக்கிற சட்டம்! அதையும் மீறி லட்சக்கணக்கான ஊசிகள் அவாஸ்டினாகவே போடப்பட்டன. அந்த டாக்டர்களுக்கு என் வணக்கம்.

கம்பெனி சும்மா இருந்ததா? 2007 அக்டோபரில், குப்பியைப் பிரித்து ஊசிகளாக்கித் தரும் மருந்தகங்களுக்கு அவாஸ்டின் விற்பதை நிறுத்தப்போவதாக ஜெனன்டெக் அறிவித்தது. கண் மருத்துவர்கள் கொதித்த பிறகு, டாக்டர்களே வாங்கி மருந்தகத்துக்கு அனுப்பச் சொல்லலாம் என்று இறங்கி வந்தது.

ஐரோப்பாவில் கதை இன்னும் சுவாரஸ்யம். அங்கே அவாஸ்டின் ரோஷ் கையில், லூசென்டிஸ் நோவார்டிஸ் கையில். ரோஷ்தான் 2009ல் ஜெனன்டெக்கை முழுசாக வாங்கிய கம்பெனி. லூசென்டிஸ் விற்றால் ஜெனன்டெக்குக்கு ராயல்டி உண்டு. போதாததற்கு 2021 வரை ரோஷின் வாக்குரிமைப் பங்குகளில் மூன்றில் ஒரு பங்கு நோவார்டிஸ் வசம்! போட்டியாளர்கள் என்று போர்டு, உள்ளே சம்பந்தி வீடு. கண்ணில் அவாஸ்டின் ஆபத்து என்ற பயத்தை இருவரும் கூட்டாகப் பரப்பியதாக இத்தாலியின் போட்டி ஆணையம் 2014ல் 18 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் போட்டது. இரு கம்பெனிகளும் மறுத்து மேல்முறையீட்டுக்குப் போயின. 2019ல் இத்தாலியின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அபராதத்தை உறுதி செய்தது.

இங்கிலாந்தில் 12 அரசு மருத்துவக் குழுக்கள் நோயாளிகளுக்கு அவாஸ்டினையும் ஒரு தேர்வாகக் கொடுக்க முடிவு செய்தன. அப்போது பேசப்பட்ட விலைகள்: அவாஸ்டின் 28 பவுண்டு, லூசென்டிஸ் 551 பவுண்டு, பேயர் கம்பெனியின் ஐலியா 816 பவுண்டு. நோவார்டிஸும் பேயரும் கோர்ட்டுக்குப் போனார்கள். 2018ல் தோற்றார்கள். 2020ல் அப்பீலிலும் தோற்றார்கள்.

இனி கம்பெனி ஆதரவாளர்களின் கடைசி அம்பு: "குப்பியைப் பிரித்தால் கிருமி புகும். 2011ல் மயாமியில் அப்படி 12 பேருக்குக் கண்ணில் தொற்று வரவில்லையா? 2023ல் பாகிஸ்தான் பஞ்சாபில் கலப்பட ஊசியால் பலருக்குப் பார்வை போகவில்லையா?" நடந்தது. கொடுமைதான். நானும் அதையேதான் கேட்கிறேன். 80 பேருக்கான குப்பியை ஒருவர் பிரிக்க வேண்டிய நிலை ஏன் வந்தது? கண்ணுக்கென்று 1.25 மில்லிகிராம் சிறு குப்பியில் அடைத்து, அனுமதி வாங்கி விற்க உலகிலேயே மிகவும் தகுதியான கம்பெனி அதைச் செய்ய மறுத்ததால் வந்தது. சிறு குப்பி முடியாத காரியமும் இல்லை. கண்ணுக்கான பெவாசிசுமாப் ஐரோப்பாவில் 2024ல் அனுமதி பெற்றது. வாங்கியது ரோஷ் இல்லை, அவுட்லுக் தெரபியூட்டிக்ஸ் என்ற வேறொரு சிறு கம்பெனி. இருபது வருடம் கழித்து!

நம் ஊருக்கு வந்தால் இது ஏதோ வெள்ளைக்காரன் வீட்டுச் சண்டை என்று நினைக்க வேண்டாம். 2016 ஜனவரியில் அகமதாபாத்தில் ஊசி போட்ட சிலருக்குக் கண் பாதித்தது. போலி மருந்து என்ற சந்தேகமும் எழுந்தது. உடனே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி, அவாஸ்டினைக் கண்ணில் போட வேண்டாம் என்று எச்சரிக்கை விட்டார். கண் மருத்துவர் சங்கங்கள் போராடி, இரண்டு மாதத்தில் அது விலக்கப்பட்டது. அந்த இரண்டு மாதம் ஏழை நோயாளி என்ன செய்திருப்பார்? இந்த ஊசி ஒரு தடவையோடு முடிகிற விஷயமில்லை, ஆரம்பத்தில் மாதா மாதம் போட வேண்டும். சர்க்கரையால் பார்வை மங்கிய எங்கள் ஆச்சிக்கும் போடுகிறோம். "இந்த மாசம் வேண்டாம்யா, ஃபீஸ் கட்ட வேண்டியிருக்கு, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று என் செமஸ்டர் ஃபீஸைக் காட்டி அவரே தள்ளிப்போடப் பார்ப்பார். விலை அதிகம் என்றால் நம் வீடுகளில் நடப்பது இதுதான். தள்ளிப்போட்ட மாதத்தில் போன பார்வை திரும்பி வருமா?

போட்டி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவில் இன்டாஸ் கம்பெனி 2015லேயே ரானிபிசுமாப்பின் நகலைக் கொண்டுவந்தது, உலகிலேயே முதலாவது. நல்லது. அமெரிக்காவில் முதல் நகல் 2022ல்தான் கடைக்கு வந்தது. விலை? 1,130 டாலர். 40 சதவீதம் மலிவு என்று விளம்பரம். 50 டாலர் ஊசி பக்கத்திலேயே இருக்கும்போது! கண்ணுக்கு அனுமதி பெற்ற விலையுயர்ந்த சரக்கோடு போட்டி போட்டால் அதைவிடக் கொஞ்சம் கீழே நின்றாலே போதும், ஏன் பாதாளத்துக்கு இறங்க வேண்டும்? போட்டி தானாக வேலை செய்வதில்லை. எந்த விலையை முன்னால் வைத்துப் போட்டி நடக்கிறது என்பதே முக்கியம்.

ஆகவே நான் கேட்பது மூன்று. ஒன்று, மருந்தின் சொந்தக்காரர் விண்ணப்பிக்காவிட்டாலும், பொதுப்பணத்தில் நடந்த ஆய்வு நிரூபித்தால் அந்த உபயோகத்துக்கு அரசே அனுமதியும் செலவுப் பணமும் தரலாம் என்று சட்டம் வேண்டும். செலவுப் பணம் தருவதற்கு இத்தாலி 2014ல் வழி செய்தது. ஐரோப்பிய நீதிமன்றமும் 2018ல் அதை ஏற்றது. இரண்டு, விலை உயர்ந்த மருந்தையும் மலிவானதையும் நேருக்கு நேர் சோதிக்கும் ஆய்வுகளுக்கு நம் அரசு பணம் ஒதுக்க வேண்டும். மூன்று, பெவாசிசுமாப்பின் நகல்களை ஹெட்டிரோவும் பயோகானும் 2016, 2017லேயே இங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தன. கண்ணுக்கான சிறு குப்பியில், அதற்கான தரப் பரிசோதனையோடு வேண்டும் என்று அரசு மொத்தமாக டெண்டர் விடட்டும். லட்சக்கணக்கில் வாங்குகிறவனுக்கு விலை பேசும் பலம் உண்டு. இதுவும் பி.காம் முதல் வருடப் பாடம்தான்.

ஆராய்ச்சிக்குக் காசு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஃபெராரா செய்தது மகத்தான வேலை. அவாஸ்டின் அந்தக் காசைப் புற்றுநோய் வியாபாரத்திலேயே பல மடங்கு சம்பாதித்தது. நான் கேட்பது, அதே வேலைக்கு நாற்பது மடங்காக இன்னொரு பில் எதற்கு என்பது.

அடுத்த தடவை யாராவது "ஆராய்ச்சிச் செலவுங்க" என்று ஆரம்பித்தால், 80ல் ஒரு பங்கு குப்பியின் கணக்கைக் கேளுங்கள். பதில் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள். நாளைக்கு காஸ்டிங் இன்டர்னல் டெஸ்ட் இருக்கிறது, போய்ப் படிக்கிறேன்.