ஆட்டக்குழியும் தறிக்குழியும்

குழியைப் பற்றி எழுதுகிறோம். ஆரணித் தோழர்களுக்கு இதைவிடப் பழகிய பொருள் வேறில்லை. தரையிலே குழி, குழிக்குள்ளே மிதிபலகை, விளிம்பில் அமர்ந்து காலை உள்ளே விட்டு மிதிக்க மிதிக்கப் பாவு பிரிகிறது, நாடா பாய்கிறது, பட்டு வளர்கிறது. மணமேடையில் மின்னும் சேலை பிறப்பது அந்த இருட்டுக் குழியில்தான். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டின் புகழுக்கு அடித்தளம் அதுவே!

உலகில் இன்னொரு குழியும் இருக்கிறது. செல்வர்கள் விளையாடும் கோல்ப் மைதானத்தில் இருப்பது அது. ‘பங்கர்’ என்று பெயர். பந்து உருண்டுபோய் விழவேண்டும். ஆடுகிறவர் அதை வெளியே அடிக்கத் திணறவேண்டும். அதற்காகவே வெட்டி மணல் நிரப்பிய குழி. அதில் நெல் விளையாது, நூல் ஓடாது.

ஆனால், அந்தக் குழிக்கு நடக்கும் உபசாரத்தைக் கேளுங்கள். அடியிலே வாய்க்கால் வெட்டி, ஜல்லி பரப்பி, துளையிட்ட குழாய் பதிக்கிறார்கள், மழைநீர் தேங்கக்கூடாதாம்! மண்ணும் மணலும் கலந்துவிடாதபடி இடையே துணி விரிப்போ, நீர் இறங்கும் காங்கிரீட்டோ போடுகிறார்கள். அதன்மேல் 4 முதல் 6 அங்குலம் தேர்ந்தெடுத்த மணல். மழையில் சரிவிலிருந்து மணல் வழிந்தால், ஆள் வைத்து அள்ளி மீண்டும் மேலேற்றுகிறார்கள். 5 முதல் 7 ஆண்டுகளில் மணலையே முழுவதும் மாற்றிவிட வேண்டும் என்பது அமெரிக்க மைதான வடிவமைப்பாளர் சங்கத்தின் கணக்கு. ஸ்காட்லாந்திலே செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரின் பழைய மைதானத்தில் 112 குழிகள். அவற்றின் புல்கட்டிச் சுவர்களைக் குளிர்காலத்தில் முறைவைத்துப் பிரித்துக் கட்டுகிறார்கள்.

விளையாட்டின்மீது நமக்கு வெறுப்பில்லை. அந்தக் குழியைச் செப்பனிடுகிறவனும் நம்மைப் போன்ற உழைப்பாளிதான். அவன் கைத்திறனை மதிக்கிறோம். நாம் சுட்டுவது ஒன்றைத்தான். குழியில் நீர் தேங்காமல் காக்கும் வித்தை மனிதனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்த வித்தை யார் வீட்டு வாசலுக்கு வருகிறது என்பதே கேள்வி.

சீமைக்கதை என்று தள்ளிவிட வேண்டாம். சென்னைக் கிண்டியிலே பார்த்தோமே! குதிரைப் பந்தயத் திடலுக்கு 1945இல் எழுதப்பட்ட குத்தகை, 160 ஏக்கர் அரசு நிலத்துக்கு, 99 ஆண்டுகளுக்கு. ஆண்டு வாடகையோ 614 ரூபாய்ச் சொச்சம்! குதிரை ஓடும் வட்டத்துக்குள்ளே கோல்ப் மைதானம். பெருமழை வரும்போதெல்லாம் அருகே வேளச்சேரி மக்கள் வெள்ளத்தில் நின்றார்கள். உயர்த்தப்பட்ட வாடகையில் பாக்கி 730 கோடி ரூபாய்க்குமேல் என்று கணக்கு வந்தது. கட்டும்படி 2023இல் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு குத்தகையை ரத்துசெய்து நிலத்தை மீட்டது. பந்து உருண்ட திடலில் வெள்ளநீரைத் தாங்கும் குளங்கள் வெட்டப்பட்டன. வழக்குகளும் எழுந்தன. ஆனாலும் பாடம் தெளிவானது: அரசு மனம்வைத்தால், சிலருடைய ஆட்டத்துக்கிருந்த நிலத்தில் பலருடைய வாழ்வைக் காக்கும் குழியை வெட்டமுடியும்!

கிண்டிக் கணக்கு அப்படி. ஆரணிக் கணக்கு எப்படி?

ஐப்பசி பிறக்கிறது. வடகிழக்குப் பருவமழை இறங்குகிறது. தெருவில் பாவு நீட்ட வழியில்லை. போட்ட கஞ்சி காய வெயிலில்லை. நிலத்தடி நீர் ஏறி, தறிக்குழியில் ஊறுகிறது. வீட்டுப் பெண்கள் சட்டியால் இறைக்க இறைக்க ஊறுகிறது. ஈரத்தில் ஜரிகை கறுக்கிறது. தறி நிற்கிறது. சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவனுக்கு மழைநாள் சம்பளம் ஏது? தறி நின்ற அன்றே அடுப்பும் நிற்கிறது. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் மட்டும் நிற்காமல் வளர்கிறது!

“குழியை மூடிவிட்டு மேலே நிற்கும் தறிக்கு மாறலாமே” என்பார் சிலர். மாறலாம். மாற்றும் செலவு யாருடையது? தறி நிற்கும் நாட்களுக்குக் கூலி யார் தருவது? அதற்குப் பதில் சொல்லிவிட்டு யோசனை சொல்லட்டும். மாறுவதா, குழியிலேயே நெய்வதா என்று தீர்மானிக்கும் உரிமை நெசவாளியுடையது.

நாம் கேட்பவை மூன்று. ஒன்று: குழியின் அடியும் சுவரும் நீர் கசியாதபடி பூசவும், வீட்டுத் தரையை உயர்த்தவும், விரும்புவோர் தறியை மாற்றவும் அரசே மானியம் தரவேண்டும். இரண்டு: நெசவாளர் தெருக்களின் வடிகால்களை மழைக்கு முன்பே தூர்வாரி, நீர் வெளியேற வழி செய்யவேண்டும். மூன்று: கிழக்குக் கடலில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவர்க்கு நிவாரணம் வழங்கப்படுகிறது. கடலுக்குப் போகமுடியாதவனுக்குள்ள அதே நியாயம், குழியில் இறங்கமுடியாதவனுக்கும் உண்டு. சங்கத்தில் இருப்பவர்க்கும், தனியாரிடம் நெய்பவர்க்கும் மழைக்கால நிவாரணம் வேண்டும்.

இது பிச்சையல்ல, உரிமை. 1953இல் தெருவில் இறங்கிக் கைத்தறித் துணி விற்றார் அண்ணா. அந்த மரபில் வந்தவர்கள் நாம். ஆள்வது யாராயினும் கேட்கவேண்டியதைக் கேட்டே தீருவோம்.

தோழர்களே! புரட்டாசி முடிவதற்குள் தெருத்தெருவாகச் செல்லுங்கள். எந்த வீட்டுக் குழியில் நீர் ஊறுகிறது, எத்தனை நாள் தறி நிற்கிறது, எவ்வளவு கூலி போகிறது என்று கணக்கெடுங்கள். கைத்தறித் துறை அலுவலகத்திலும் நகராட்சியிலும் அந்தக் கணக்கை வையுங்கள். விளையாட்டுக் குழிக்குப் பருவந்தோறும் கணக்கிருக்கிறது. உழைப்பின் குழிக்கும் ஒரு கணக்கு எழுதப்படட்டும். அதை நாமே எழுதத் தொடங்குவோம்!